நூறு ஹெக்டேருக்கு ஒரு சட்டம், இரண்டு சென்ட்டுக்கு ஒரு சட்டம்

2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தமிழ்நாடு சட்டமன்றத்தில் அன்று நிறைவேறிய மசோதாக்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். அது விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பல்கலைக்கழக மசோதாக்களைக் கிடப்பில் போட்டிருந்த ஆளுநர் இதற்கு நான்கே மாதத்தில் ஒப்புதல் கொடுத்தார். 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

மசோதாவைக் கொண்டுவந்த அன்றைய வருவாய்த்துறை அமைச்சர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர். அதனாலேயே திருத்தங்கல்லில் இருந்து இதை எழுத எனக்குக் கூடுதல் கடமை இருக்கிறது.

சட்டம் சொல்வது இதுதான்: ஒரு திட்டத்துக்கு 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலம் இருந்து, அதற்குள் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ வந்தால், அரசு அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். ஒரு நிபுணர் குழு ஆராயும், கருத்துக் கேட்கும், பரிந்துரைக்கும். பிறகு அந்த நீர்நிலை அமைந்த அரசு நிலமும் திட்டத்தோடு ஒருங்கிணைக்கப்படும்.

100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர். தமிழ்நாட்டில் 247 ஏக்கரை வளைத்து வைத்திருக்கக்கூடியவர் யார்? சேரியில் இருப்பவரா, பட்டாசுக் கூலியா, குத்தகை விவசாயியா? அந்த எண்ணைப் படித்தவுடனேயே இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

இப்போது மற்ற சட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்மாய்க் கரையில் இரண்டு சென்ட்டில் குடிசை போட்டவருக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் வரும், பிறகு ஜேசிபி வரும். அங்கீகாரம் வாங்காமல் மனை பிரித்து விற்ற ரியல் எஸ்டேட்காரருக்கு 2017இல் ஒரு விதி வந்தது. பெரிய மனைப்பிரிவென்றால் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் 10 விழுக்காடு நிலம் விட வேண்டும் என்பது சட்டம். அதை மதிக்காமல் போட்ட மனைப்பிரிவாக இருந்தாலும், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானதென்றால் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. 247 ஏக்கர்காரருக்கோ 2023ஆம் ஆண்டுச் சட்டம். அவருக்கு ஜேசிபியும் வராது, அபராதமும் இல்லை. நிபுணர் குழு வரும். ஒரே மாநிலம், மூன்று நீதி. மனுவின் கணக்கு வேறெப்படி இருக்கும்?

எங்கள் ஊர்ப்பக்கம் மானாவாரி பூமி. மழையை நம்பிய கண்மாய்கள். விவசாயம் கைவிட்டதால்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சகத்துக்கும் போனோம். 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படி ஆலை மூடும் காலங்களில் நிலமில்லாதவர் எங்கே போவார்? நான்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்குத்தான். விறகும் சீமைக்கருவேலங் கரியும் கண்மாயில்தான். பட்டா உள்ளவருக்குக் கண்மாய் பாசன ஆதாரம். பட்டா இல்லாதவருக்கு அதுதான் நிலம்.

'நீரோட்டமும் கொள்ளளவும் குறையக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறதே' என்பார்கள். கண்மாய் என்பது தண்ணீர்த் தொட்டி அல்ல. வரத்துக்கால்வாய், மடை, கலுங்கு, கரை, மேய்ச்சல் எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். கம்பெனி காம்பவுண்டுச் சுவருக்குள் போன பிறகு தண்ணீர் அளவு அப்படியே இருக்கலாம். ஆட்டுக்காரியை வாட்ச்மேன் உள்ளே விடுவாரா?

நூறு ஹெக்டேர் திட்டங்கள் எங்கோ நடப்பவையும் அல்ல. இ.குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்கா 1,052 ஏக்கர். அது சிப்காட் நிலம், இந்தச் சட்டத்தில் வந்ததல்ல. ஆனால் இந்த வறண்ட மாவட்டத்தையும் பெரிய திட்டங்கள் தேடி வருகின்றன என்பதற்கு அது சாட்சி. பரந்தூர் விமான நிலையத்துக்காகக் குறிவைக்கப்பட்ட 5,700 ஏக்கருக்கு மேலான நிலத்தில் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். விவசாயச் சங்கங்களும் பூவுலகின் நண்பர்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்தபோது அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால், கண்மாயைக் காப்போம் என்று சொல்லும்போது பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் தன் தவறுக்குப் பரிகாரமாக வார்த்திகன் என்ற பார்ப்பனருக்கு எங்கள் தங்காலை, அதன் நீர்வளம் மிக்க கழனியோடு தூக்கிக் கொடுக்கிறான். அதில் உழுதவரை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஊருணியில் எங்களுக்குத் தனிப் படித்துறை, மீன் ஏலத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்பதும் இந்த 'ஊர்ப்பொது'வின் வரலாறுதான். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியது, பொதுக்குளம் உண்மையிலேயே பொதுவாக வேண்டும் என்பதற்காக. அந்த உரிமை முழுதாகக் கைக்கு வருவதற்கு முன்பே, குளத்தையே 'பொது'விலிருந்து எடுக்கிறது இந்தச் சட்டம்.

சூழலியல் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆக்கிரமிப்பு என்றதும் குடிசையை மட்டும் காட்டாதீர்கள். சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதியில்தானே குடியமர்த்தினார்கள்? சாதி எதிர்ப்புத் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீர்நிலைப் பிரச்சினையை 'நடுத்தர வர்க்கத்தின் பசுமைக் கவலை' என்று தள்ளாதீர்கள். பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். பறிபோனதை ஒருங்கிணைத்து மீட்க இப்படி அவசரமாக ஒரு சட்டத்தை எந்த அரசாவது கொண்டுவந்ததா? மிச்சமிருப்பது புறம்போக்குதான். அதையும் விட்டுவிட்டால் கால் வைக்க இடமில்லை.

நில ஒருங்கிணைப்புச் சட்டம் ரத்தாக வேண்டும். நீர்நிலையோரம் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்துவதற்கு முன் அதே ஊரில், வேலைக்குப் போகும் தூரத்தில், பட்டாவோடு வீட்டுமனை தர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டை எடுங்கள். கண்மாய், ஓடை, மேய்க்கால் என எது எது புறம்போக்கு என்று புல எண்ணோடு குறித்து, கிராம சபையிலோ பகுதி சபையிலோ தீர்மானமாகப் பதியுங்கள். 12 மணி நேர வேலைச் சட்டத்தைப் பத்து நாளில் பின்வாங்க வைத்தது எதிர்ப்புதான். நிலத்துக்கும் அந்த எதிர்ப்பு வேண்டும்.