குழந்தையோடு தாயும் அமர ஓர் இடம்



கைக்குழந்தையுடன் பொது இடமொன்றுக்குச் செல்லும் தாயின் மனநிலையை நீங்கள் நன்கறிவீர்கள். பிள்ளை எப்போது வீரிட்டு அழுமோ என்ற பயம். அழுதுவிட்டாலோ நாலாபுறமிருந்தும் திரும்பும் முகங்கள். பாலூட்ட ஒதுக்கிடம் இராது. துணி மாற்ற வசதி இராது. ஈற்றில், "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். பேசவும் தெரியாத சிசுவுக்குக் கலையும் அழகும் எதற்கு என்றே எம்மில் பலரும் எண்ணுகிறோம்.

ஆனால் சிசுவையும் அதனைப் பராமரிப்பவரையும் மனதிற்கொண்டே கலைக்கூடங்களை அமைப்போரும் இருக்கிறார்கள். அங்கே சுவரில் தொங்கும் சித்திரத்தைத் தூர நின்று பார்ப்பதில்லை. அறை முழுவதுமே ஒரு கலைப்படைப்பு. அதனுள் தவழலாம், தொடலாம், நிழலைப் பிடிக்க முயலலாம்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரசபை, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பராமரிப்பு நிலையங்களை 1970களின் தொடக்கத்தில் திறந்தது. இதற்கு வழிகாட்டியவர் லோரிஸ் மலகுஸ்ஸி (1920–1994) என்ற கல்வியாளர். உட்புறத்தில் முகம்பார்க்கும் கண்ணாடிகள் பதித்த முக்கோணக் கூடாரத்தினுள் பிள்ளை தவழ்ந்து சென்று தன்னையே பலவாகக் காண்கிறது. அடியிலிருந்து ஒளி வரும் மேசையில் இலையை வைத்து அதன் நரம்புகளைப் பார்க்கிறது. அதே நாட்டின் பொலோக்னா நகரில் 'லா பராக்கா' நாடகக் குழு 1987 முதல் இவ்வயதினருக்கென்றே படைப்புகளை உருவாக்கி வருகிறது. பிரித்தானியாவில் 1981இல் ஆரம்பமான 'ஒய்லி கார்ட்' குழுவினரும் தொட்டும் முகர்ந்தும் அனுபவிக்கும் படைப்புகளைச் சிசுக்களுக்காகத் தயாரித்தனர்.

இத்தகைய அறையில் மிக முக்கியமானது எது? வண்ண விளக்கா, இசையா? புதிதாய்ப் பிறந்த சிசுவின் கண்ணுக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரையான தூரமே. மடியில் கிடந்து பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறத்தாழ அதுதான்!

1970களில் எட்வர்ட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். பிள்ளையுடன் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சிறிது நேரம் எவ்வித அசைவுமின்றி முகத்தை வைத்திருக்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், குரலெழுப்பும், கைகளை நீட்டும். பலனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கும். கைத்தொலைபேசியில் மூழ்கிய முகத்தையும் இங்கே சற்று நினைத்துப் பாருங்கள். பராமரிப்பவர் மனதால் விலகியிருந்தால், எத்தனை விளக்குகள் ஒளிர்ந்தும் அவ்வறை பிள்ளைக்கு வெறுமையே.

எனவேதான் நன்கு அமைக்கப்பட்ட இடத்தில் தாய்க்கு ஓரத்தில் ஒரு கதிரை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. முதுகு சாய்க்க வசதியுடன், மெத்தென்ற தரையில் பிள்ளையின் அருகிலேயே அவளுக்கும் இடமிருக்கும். பாலூட்டவும் துணி மாற்றவும் வசதியிருக்கும். திடீர் ஒலியும் வெட்டிவெட்டி மின்னும் ஒளியும் இரா. பிள்ளை தலையைத் திருப்பினால், கொட்டாவி விட்டால், "போதும்" என்கிறது. அப்போது ஒதுங்கிக்கொள்ள அமைதியான மூலையொன்று வேண்டும். கையில் அகப்படும் யாவும் வாய்க்குள் போகுமாதலால், கழுவித் துடைக்கக்கூடிய பொருட்களே வைக்கப்படும். மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கும் சிறு உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதனுள் முழுமையாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கலாம் என்று தவிர்க்கப்படும்.

இவற்றைச் செய்யப் பெரும் பணம் வேண்டுமென்பதில்லை. எலினோர் கோல்ட்ஷ்மிட் (1910–2009) என்ற பிரித்தானியக் கல்வியாளர் அறிமுகப்படுத்திய 'பொக்கிஷக் கூடை'யில் பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான் எதுவுமில்லை. மரக்கரண்டி, தூரிகை, உலோகக் கிண்ணம், துணி போன்ற வீட்டுப் பொருட்களே அதிலிருந்தன. உட்காரப் பழகிய பிள்ளை தானே எடுத்துத் தடவி, சுவைத்து, தட்டிப் பார்க்கும். பெரியவர் குறுக்கிடாமல் அருகில் அமர்ந்திருப்பார். எமது வீட்டுச் சிரட்டையும் அகப்பையும்கூட, கூரின்றித் தேய்த்துக் கழுவினால், இதற்குப் போதுமானவை. கூடையோடு பிள்ளையைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

சகோதரிகளே! ஓர் இடத்தின் அமைப்பே அங்கு யார் வரவேற்கப்படுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். உங்கள் ஊரில் பாலர் பாடசாலையோ, வாசிகசாலையில் சிறுவர் பகுதியோ, மண்டபமோ அமைக்கத் திட்டமிடும்போது, "கைக்குழந்தையுடன் வரும் தாய் எங்கே அமர்வாள்?" என்று தயங்காமல் கேளுங்கள். வரைபடம் கடதாசியில் இருக்கும்போது கேட்டால் ஒரு கோடு திருத்தினால் போதும். கட்டி முடித்த பின்னரோ சுவரை இடிக்க வேண்டிவரும்.