சைவம் என்பதாலேயே நலம் ஆகிவிடுமா?

அமாவாசையன்று அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் காண மேல்மலையனூர் வருவோரில் பலர் அசைவம் தவிர்ப்பர். இரவில் பசித்தால் தள்ளுவண்டிக் கடையின் சைவ நூடுல்ஸ் கைகொடுக்கிறது. ஆனால், சைவம் என்பதாலேயே அது இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஏற்றதாகிவிடாது. பெரியவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 2 கிராம் உப்பு உள்ளது.

ஆயினும், நூடுல்ஸை அறவே விலக்குங்கள் என்று நான் கூறமாட்டேன். ருசியற்ற பத்தியம் நெடுநாள் நீடிப்பதில்லை. விலக்க வேண்டியவை சாஸும் மசாலாப் பொட்டலமுமே.

வீட்டிலேயே சமையுங்கள். ஒருவருக்கு 50 கிராம் நூடுல்ஸை வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் டோஃபு எனும் சோயா பனீரையும், காளான், முட்டைகோஸ், குடைமிளகாய் ஆகியவற்றையும் சிறிது எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். டோஃபு புரதம் தரும். காளானின் இயல்பான சுவை உப்பின் குறையை மறைக்கும். பூண்டு, இஞ்சி, மிளகு, எலுமிச்சைச்சாறு மணமூட்டும்.

சிறுநீரக நோயாளிகள் மட்டும், புரதம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே இதனை உண்ண வேண்டும். மற்றவர்க்கு இது பத்தியம் முறியாத விருந்து.