ஊரு மாறிப் போச்சாம்... இவங்ககிட்ட பர்மிஷன் கேக்கலையாம்!

ஜனவரி மூணாவது வாரம் வந்தாப் போதும். நியூஜெர்ஸி பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் ஒரே கச்சேரிதான். டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தவங்க பாடுற கச்சேரி. தூக்கக் கண்ணும் தயிர்சாதத் தட்டுமா ஆரம்பிப்பாங்க. "ஊரே மாறிப் போச்சு சார். செம கல்ச்சர் ஷாக்!"

பதினேழு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ராகம், தாளம், பல்லவி எல்லாம் மனப்பாடம்.

முதல் பாதியில ஒண்ணுமே மாறலைன்னு வரும். எவனும் லைன்ல நிக்க மாட்டேங்கறான், ஹாரன் சத்தம் தாங்கலை, குப்பை அப்படியே கிடக்கு, பிளம்பர் நாளைக்கு வரேன்னா அடுத்த வாரம் வரான். ரெண்டாம் பாதியில எல்லாமே மாறிடுச்சுன்னு வரும். யாரும் திண்ணையில உக்கார்றதில்ல, கோலம் ஸ்டிக்கர் ஆயிடுச்சு, கல்யாணச் சாப்பாடு மொத்தமா காண்ட்ராக்ட், பக்கத்து வீட்டு மாமி ஸ்விக்கியில இட்லி வாங்கறாங்க. (இட்லி! ஸ்விக்கியில! அடக் கடவுளே!)

கூட்டிக் கழிச்சுப் பாருங்க. மாற வேண்டியது மாறலை, மாறக் கூடாதது மாறிடுச்சு. சரி, எது மாறணும் எது மாறக் கூடாதுன்னு லிஸ்ட் போட்டது யாரு? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணு வாரம் வந்துட்டுப் போறவர். தண்ணி லாரிக்குக் காத்திருக்க மாட்டார், கரண்ட் பில் கட்ட மாட்டார், ஆனா ஊரோட எதிர்காலத்துல மட்டும் அவருக்கு வீட்டோ பவர் வேணும்.

இதைத்தான் நான் அகராதி பிடிச்ச வேலைன்னு சொல்றேன்.

கல்ச்சர் ஷாக்குங்கற வார்த்தையையே கொஞ்சம் பாப்போம். இதைப் பரவலாக்கினவர் கலேர்வோ ஓபர்க்னு ஒரு மானுடவியல்காரர். 1960ல வந்த கட்டுரையில அவர் சொன்னது சிம்பிள். ஒரு இடத்துல எப்பக் கை குலுக்கணும், எவ்வளவு டிப்ஸ் வைக்கணும், யார் சொல்றதை நம்பலாம்னு நமக்குத் தெரிஞ்ச சின்னச் சின்ன அடையாளமெல்லாம் கையை விட்டுப் போயிடும்போது வர்ற பதட்டம்தான் இது. வெளிநாட்டுல இருக்கறவன் சொந்த ஊரை ஒரேயடியாத் தூக்கி வச்சுக் கொண்டாடுவான், அங்கே பட்ட கஷ்டமெல்லாம் மறந்து நல்லது மட்டும்தான் ஞாபகம் இருக்கும், ஒரு தடவை ஊருக்குப் போய்ட்டு வந்தாத்தான் புத்தி தெளியும்னும் அவரே எழுதி வச்சிருக்கார். 1963ல கல்லஹார்ன் தம்பதி ஒரு படி மேல போய், வெளிநாடு போறப்ப வர்ற அடி மாதிரியே திரும்பி வர்றப்பவும் ரெண்டாவது அடி ஒண்ணு இருக்குன்னு எழுதினாங்க. அவங்க பார்த்தது வெளிநாட்டுல இருந்துட்டு நாடு திரும்பின அமெரிக்கர்களை. ஆக இது தமிழ்நாட்டு ரோட்டோட குத்தம் இல்ல சாமி. எந்த ஊர்க்காரனுக்கும் வர்றதுதான்.

அதாவது, ஷாக் அடிக்குதுன்னா தகவல் உங்களைப் பத்தினது. உங்க மண்டைக்குள்ள இருக்கற ஊர் மேப் பழசாயிடுச்சுன்னு அர்த்தம். அதை ஊரோட குறையா எழுதி, பெத்தவங்க தலையில கட்டறதுதான் எனக்குப் பொறுக்கலை.

உதாரணத்துக்கு நம்ம ஆளு டீக்கடையில நிக்கறார். 2016ல வந்த யூ.பி.ஐ. இன்னிக்கு இளநீர் வண்டி வரைக்கும் தொங்குது. இவர் ஐநூறு ரூபா நோட்டை நீட்டறார். கடைக்காரர் பரிதாபமாப் பாத்துட்டு, "சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணிடுங்க"ங்கறார். இவரோட பழைய சிம் செத்துப் போய் வருஷமாச்சு. உடனே கச்சேரி: "என்ன ஊருய்யா இது, காசு குடுத்தா டீ கிடையாதா?" அமெரிக்கா உட்பட பத்து நாட்டு போன் நம்பர்களுக்கு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு வச்சு யூ.பி.ஐ. பண்ணலாம்னு 2023 ஜனவரியிலேயே அனுமதி வந்தாச்சு. உங்க பேங்க்ல அது இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பியிருக்கலாம். அதே மாதிரிதான் தென் மாவட்ட பஸ் பிடிக்கக் கோயம்பேடு போய் நின்னுட்டுத் திட்டறது. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் திறந்த சேதி டீக்கடைக்காரருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியலை. அவ்வளவுதானே விஷயம்?

இது வரைக்கும் காமெடி. இனிமேதான் விஷயமே.

டீக்கடைக்காரர் நம்மளைக் கண்டுக்க மாட்டார். ஸ்கேன் பண்ணத் தெரியாட்டி நகருங்க சார்னு சொல்லிட்டு அடுத்தவருக்கு ஆத்த ஆரம்பிச்சுடுவார். அம்மா அப்படி இல்ல. "மிக்ஸி சட்னி என்னம்மா சட்னி, அம்மியில அரைச்சா வருமே அந்த டேஸ்ட்..."னு பையன் கொசுவத்தி சுத்திட்டுப் போய்டுவான். மறுநாள் காலையில அறுபத்தொன்பது வயசு அம்மா கொல்லையில அம்மியைக் கழுவிக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு வருஷமா அது மேல துளசித் தொட்டி இருந்திருக்கும். மூணு வாரம் முறுக்கு, சீடை, பொடி, வடாம். கடைசி நாள் பெட்டியில ஏத்தி டேப் போட்டு அனுப்பிட்டு, அப்புறம் ஒரு வாரம் தோள்பட்டைக்குத் தைலம். அந்த ஒரு வாரத்தை நம்ம ஆளு பாக்கறதே இல்ல. அவர் அப்ப இங்கே கச்சேரியில இருப்பார்.

எங்க கும்பகோணம் தெருவுல எதிர் வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தாறு. பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், எல்லாம் தாண்டிக் கொல்லையிலதான் பாத்ரூம். நடுவுல எத்தனை படி! அந்தம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. வீட்டை வித்துட்டுத் திருச்சியில லிஃப்ட் உள்ள ஒரு பிளாட்டுக்குப் போயிடலாம்னு ரெண்டு பேரும் ஆசைப்பட்டாங்க. கலிபோர்னியாவுல இருக்கற பையன் வீடியோ கால்ல கண் கலங்கிட்டான். "அப்பா, அதை வித்துட்டா எனக்கு ஊருன்னு சொல்லிக்க என்னப்பா இருக்கு?" அவர் விக்கலை. அடுத்த வருஷம் ராத்திரி பாத்ரூம் போன அந்தம்மா படியில தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் ஆச்சு. பையன் ஓடி வந்தான், பத்து நாள் கூடவே இருந்தான், செலவு மொத்தமும் அவன்தான் பண்ணினான். கெட்டவன்லாம் இல்ல, தங்கமான பையன். ஆனா அவனோட சின்ன வயசு ஞாபகத்துக்கு வாடகையை அவங்கம்மா இடுப்பெலும்பால கட்டினாங்க. இப்பவும் வீடு விக்கலை. "பாக்கலாம்"ங்கறார் பெரியவர்.

இதுதாங்க நான் சொல்ல வந்தது. நமக்கு ஊரு ஒரு மியூசியமா வேணும். அப்பா அம்மா அதுக்கு வாட்ச்மேன். நாம வசதி தேடி ஏழு கடல் தாண்டிப் போகலாம், அவங்க மட்டும் வசதியா ஒரு பிளாட்டுக்குப் போயிட்டா கலாச்சாரம் அழிஞ்சுடும். நாம இங்கே ஃபிரோசன் பரோட்டாவைச் சுட்டுத் தின்னலாம், மாமி இட்லி ஆர்டர் பண்ணினா மட்டும் உலகமே கெட்டுப் போச்சு. என்னங்க நியாயம் இது?

"பாசத்துலதானேப்பா சொல்றோம்"பீங்க. பாசம் இருக்கு, யார் இல்லேன்னா? ஆனா இந்தப் பாசம் அவங்களை அசையாம போட்டோவுக்கு நிக்கச் சொல்லுது. பத்து வருஷமா ஒரே போஸ்ல நின்னா யாருக்கும் கால் வலிக்கும்.

"அப்ப குப்பையைப் பத்திப் பேசவே கூடாதா?" பேசுங்க, தாராளமாப் பேசுங்க. அங்கேயே இருக்கறவங்க தினமும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, வார்டு கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிக்கறாங்க. நீங்க இன்னும் இந்தியக் குடிமகன்தான்னா, ஊர்ல உங்க பேரை வாக்காளர் பட்டியல்ல சேத்துக்கலாம்னு 2010ல சட்டத்தையே திருத்தினாங்க. நேர்ல வந்துதான் ஓட்டுப் போடணும்ங்கறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஈஸிச் சேர்ல உக்காந்துக்கிட்டு அப்பாகிட்ட "என்னப்பா உங்க ஊரு இப்படி இருக்கு"ன்னு கேக்கறது எந்த வகை? சாக்கடைக்கு பிளான் போட்டது அவரா? அதுலயும் அந்த "உங்க ஊரு" இருக்கு பாருங்க... கலாச்சாரம் பேசறப்ப "நம்ம ஊரு", குப்பைன்னு வந்தா "உங்க ஊரு".

"பணம் அனுப்பறோம்ல?" அனுப்பறீங்க. பெத்தவங்களைப் பராமரிக்கச் சொல்ற 2007 சட்டம் வெளிநாட்டுல இருக்கற இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும், தெரியுமோ? தீர்ப்பாயம் குடுக்கச் சொல்ற தொகைக்கு அதுல போட்டிருக்கற உச்சவரம்பு மாசம் பத்தாயிரம் ரூபா. நம்மள்ல பல பேர் அதுக்கு மேலயே அனுப்பறோம். சட்டப்படி நாம பாஸ். நான் பேசறது சட்டத்துக்கு எட்டாத விஷயம்.

சொந்தக்காரங்க மேலயும் நமக்கு ஒரு கோவம் உண்டு. "எப்ப வந்தே? எப்ப கிளம்பறே?" ஒரே மூச்சுல கேட்டுடறாங்களாம், மனசு உடைஞ்சு போச்சாம். அட, அவங்களுக்கும் ஆபீஸ், பரீட்சை, ஆஸ்பத்திரின்னு ஆயிரம் இருக்கு. உங்களை என்னிக்குச் சாப்பிடக் கூப்பிடறது, எந்த நாள் லீவு போடறதுன்னு கணக்குப் பாக்கத்தான் அந்தக் கேள்வி. உடம்பு வெயிட் போட்டதையும் கிரீன் கார்டு வரலையான்னும் கேக்கறது வேணா ஓவர். அதுக்கு நானும் சேர்ந்து திட்டறேன் :-)

நம்ம கூட வர்ற வாண்டுகளைக் கவனிச்சிருக்கீங்களா? இங்கேயே பொறந்ததுங்க. கொசு கடிக்குதுன்னு ரெண்டு நாள் அழும், மூணாம் நாள் ஆட்டோவுல போகணும்னு அடம் பிடிக்கும், அஞ்சாம் நாள் தாத்தா போன்ல கேம். அதுங்க யாரும் "ஊரு மாறிப் போச்சு"ன்னு புலம்பறதில்ல. அதுங்ககிட்ட பழைய காப்பி கிடையாது. இருக்கறதைப் பாக்குதுங்க.

நாமளும் அப்படிப் பாக்கலாம். அடுத்த தடவை போறப்ப முதல் ஒரு வாரம் அபிப்ராயம் சொல்லாம இருந்து பாருங்க. அதுக்குப் பதிலா, "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"ன்னு கேளுங்க. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கா? பேங்க்ல நாமினி பேரு சரியா இருக்கா? எந்தெந்த மாத்திரை எந்த வேளைக்குன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கா? அப்பா மத்திய அரசு பென்ஷன்காரரா? நவம்பர்ல உயிர்ச்சான்று குடுக்கணுமே, 2021லேர்ந்து போன்ல முகத்தைக் காட்டியே குடுக்கலாம், பக்கத்துல உக்காந்து ரெண்டு தடவை பழக்கி விடுங்க. இதெல்லாம் போட்டோவுல நல்லா இருக்காது. கச்சேரியில பாடவும் முடியாது.

வீட்டை விக்கணும்னு அவங்க சொன்னா, "சரிப்பா, புரோக்கர்கிட்ட நான் பேசட்டுமா?"ன்னு கேளுங்க. அழுகை வந்தா ஃபிளைட்ல அழுதுக்கலாம். பதினஞ்சு மணி நேரம் இருக்கு.

ஊரு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலை, அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கு. காத்துக்கிட்டு இருக்கறது ரெண்டே பேர்தான். அவங்களையாவது உக்காரச் சொல்லுங்க.

டிஸ்கி: ஸ்விக்கியில வந்த அந்த மாமி வீட்டு இட்லியை நானும் சாப்பிட்டேன். மல்லிப்பூ மாதிரி இருந்தது.