யாரை எழுப்ப இந்த மணி?

திருட்டைத் தடுப்பது எச்சரிக்கை மணியின் வேலை என்று பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில் அதனால் எதையும் தடுக்க இயலாது. கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சன்னலுக்குக் கம்பி இருக்கிறது. மணியிடம் இருப்பது குரல் மட்டுமே. யாரோ ஒருவரை எழுப்பி அவ்விடத்துக்கு வரவழைப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. ஆகவே அக்கருவியை வாங்கும்போது எத்தனை சென்சார், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று விசாரிப்பதற்கு முன்பாகவே ஒரு கேள்வி எழ வேண்டும். இது யாரை எழுப்பும்? எழுந்தவர் வருவாரா? வாங்குபவர் இதைக் கேட்பதில்லை. விற்பவர் சொல்வதில்லை. அரசும் கண்டுகொள்வதில்லை. மணியை இயக்கத் தொடங்கும் முன் இக்கேள்விக்கு விடை எழுதி வைக்கும் ஓர் ஏற்பாடு நமக்குத் தேவை என்பதே என் தரப்பு.

படப்பையை எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் படப்பை என்ற சொல் தோட்டத்தைக் குறிக்கும். வீட்டை ஒட்டிய கொல்லையையும் குறிக்கும். வீட்டாரின் கண்பார்வைக்குள், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருக்கும் நிலம் அது. அப்பெயரைத் தாங்கிய ஊரில் இன்று வீடுகள் ஒன்றையொன்று கூப்பிட முடியாத தொலைவில் நிற்கின்றன. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுகள். ஒரு வீடு, பக்கத்தில் முட்செடி மண்டிய நான்கு காலி மனைகள், அப்பால் இன்னொரு வீடு. கணவன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவுப் பணியில் இருப்பார். மனைவி தாம்பரத்திலிருந்து ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குச் செல்வார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மாடி வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களும் உண்டு. இவர்களின் அச்சம் கற்பனையானதல்ல. பாதுகாப்புக் கருவி விற்பவரின் துண்டறிக்கை கேட்டில் செருகப்படும்போது அவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

ஆனால் பொருத்திய முதல் மாதத்திலேயே நிகழ்வது என்ன என்பதை அத்தகைய தெருக்களில் வசிப்போர் அறிவர். சென்சாரின் மேல் பல்லி ஊர்கிறது, மணி அலறுகிறது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது அலறுகிறது. ஐப்பசிக் காற்றில் திரைச்சீலை அசைந்தால் அலறுகிறது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அவருடைய கைப்பேசி அணைந்து கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. முதல் இரவு தெருவே விளக்குப் போட்டு எட்டிப் பார்க்கும். மூன்றாம் இரவு ஒருவர் மட்டும் சன்னலைத் திறந்து திட்டுவார். ஏழாம் இரவு சன்னலை இறுக மூடிக்கொண்டு எல்லோரும் உறங்குவார்கள். "புலி வருது, புலி வருது" என்று கூவிய சிறுவனின் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, அந்தச் சிறுவனை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறோம். கதையில் அவன் தன் ஆடுகளை மட்டுமே இழந்தான். இங்கோ, பக்கத்துத் தெருவில் மெய்யாகவே ஒரு மணி ஒலிக்கும் இரவில், அதைக் கேட்பதற்கான செவிகளை ஊரே இழந்திருக்கும்.

இந்த அனுபவம் பிற நாடுகளுக்குப் பழையது. மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்கு 1853-இல் காப்புரிமை பெற்றவர், பாஸ்டனை அடுத்த சாமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். அவ்வுரிமையை எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கிப் பெருவணிகமாக வளர்த்தார். மணி வீட்டில் ஒலித்தது போதாதென்று கம்பி வழியே ஒரு மைய நிலையத்தில் ஒலித்தது. அங்கிருந்து செய்தி காவல்துறைக்குப் போயிற்று. விற்றவருக்கு வருமானம், வாங்கியவருக்கு நிம்மதி, ஓடி வரும் வேலை மட்டும் பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் காவலருக்கு. அமெரிக்க நீதித்துறைக்காக ரானா சாம்ப்சன் எழுதிய வழிகாட்டி நூல் இதன் விளைவைக் கணக்கிட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக் காவல்துறையினர் ஏறத்தாழ 3.6 கோடி மணியழைப்புகளுக்கு ஓடியிருக்கிறார்கள். செலவு 180 கோடி டாலர். அவற்றில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய்யழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் இரு காவலர்களின் இருபது நிமிடம் வீணாயிற்று.

அங்கே பல நகரங்களில் மணியை இயக்கும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி வேரூன்றியதற்கு இதுவே காரணம். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் வீட்டுக்காரர் விண்ணப்பம் எழுதி, கட்டணம் செலுத்தி, அனுமதி எண் பெற வேண்டும். பொய்யழைப்புகள் கூடினால் தண்டத் தொகை. சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இன்னும் ஒரு படி மேலே போனது. திருட்டு நடக்கிறது என்பதை யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தாலொழியக் காவலர் வரமாட்டார் என்று அறிவித்தது. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவிலும் 2018 செப்டம்பர் முதல் ஏறக்குறைய அதே நிலைதான். ஸ்கார்பரோவில் ஒரு தமிழர் வீட்டு மணி ஒலித்தால் அது மட்டும் போதாது. கேமராவோ ஒலிவாங்கியோ சாட்சியோ அதை உறுதிப்படுத்த வேண்டும்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் முழுமனதோடு ஏற்கவில்லை. கேமரா வாங்கவும் தனியார் காவலரை அமர்த்தவும் வசதியுள்ளவரின் மணிக்கு மட்டுமே மதிப்பு என்ற இடத்துக்கு அது கொண்டுபோய்விடும். எனக்கு உவப்பானது இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. உள்ளாட்சி மன்றம் ஒரு பகுதியை 'மணி அறிவிப்புப் பகுதி' என்று அறிவிக்கலாம். அங்கே மணி வைத்திருப்பவர், தாம் இல்லாதபோது சாவியோடு வந்து அதை நிறுத்தக்கூடிய ஒருவரை நியமித்து, அவ்விவரத்தை மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் மணி இடைவிடாது அலறி, சுற்றியுள்ளோர்க்குத் தொல்லையாகி, சாவி வைத்திருப்பவரும் கிடைக்காமல் போனால், மன்றத்தின் அலுவலர் வளாகத்துக்குள் நுழைந்து அதை நிறுத்தலாம். மணி வைத்துக்கொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. வைத்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் ஒருவரைக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி இடம்பெறுகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்தது அது. பிற்காலத்துக் காவல்முறையில் அறுவடையில் ஒரு பங்கு காவல்காரருக்குப் போயிற்று. களவு போனால் பொருளை மீட்டுத் தருவது, இல்லையேல் ஈடு செய்வது அவர் பொறுப்பு. இதைப் பொற்காலமாக வரைந்து காட்ட நான் விரும்பவில்லை. காவல் கூலி தராதவரின் மாடு இரவோடிரவாகக் காணாமல் போனதும், துப்புக்கூலி கொடுத்த பிறகு திரும்பி வந்ததும் அதே முறையின் மறுபக்கம். சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காவல்துறை உருவானபின் ஊர்க்காவல் மெல்ல உரிமையிழந்தது. 1911-இல் இம்மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், காவல் தொழில் செய்துவந்த சமூகங்களையே குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது. அந்தக் கொடுமையையும் மறைக்க வேண்டியதில்லை, அதற்கு முந்திய மிரட்டலையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். கூக்குரல் எழுந்தால் யார் வர வேண்டும் என்பது கூக்குரலுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது.

இன்று நம்மிடம் இருக்கும் சட்டங்கள் மணியைச் சுற்றி வருகின்றன, மணியைத் தொடுவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலை வரம்பாகக் கொள்கின்றன. வீட்டு சைரன் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான எண்ணில் அலறும், டெசிபல் கணக்கில் அது காதுக்குப் பன்மடங்கு. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் காவலாளிகளை அமர்த்தும் நிறுவனத்துக்கு உரிமம் கேட்கிறது. 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னைக் காவல்துறை தெருவெங்கும் கேமரா வைக்கச் சொன்னபோது குடியிருப்போர் சங்கங்களும் வணிகர்களும் கைகோத்தனர். ஆந்திரக் காவல்துறை ஒரு படி முன்னேறியது. வெளியூர் செல்பவர் செயலி வழியே தெரிவித்தால் காவலரே வந்து, அசைவை உணரும் கேமராவைப் பூட்டிய வீட்டில் வைத்துச் செல்லும் திட்டத்தை அது கொண்டுவந்தது. அங்கே மணி ஒலிக்கும் முன்பே, அது எந்த வீட்டு மணி என்பது ஓடி வர வேண்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுச் செல்லுங்கள் என்று நம் காவல்துறையும் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறது. நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் முகம் சுருங்குவதில் நியாயமிருக்கிறது. வரைபட அனுமதிக்கு அலைந்து, மின் இணைப்புக்கு அலைந்து, குடிநீருக்கு அலைந்து களைத்தவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டினால், இன்னொரு கையும் நீளும் என்றுதான் அவர் எண்ணுவார். மேலும், தன் வீட்டில் யார் எப்போது இருப்பதில்லை என்ற செய்தி ஒரு கோப்பில் கிடப்பதை எவரும் விரும்பமாட்டார். ஆகவே கட்டணமும் முத்திரையும் கொண்ட உரிமத்தை நான் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள் போதும். வீட்டு எண், சாவி வைத்திருக்கும் இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், குறித்த நிமிடங்களில் சைரன் தானே அடங்கும்படி அமைத்திருக்கிறோம் என்ற உறுதி, இருபுறத்து அண்டை வீட்டாரின் கையெழுத்து. ஒரு படி நலச்சங்கத்துக்கு, மற்றொரு படி காவல் நிலையத்துக்கு. 2022 சனவரி முதல் நாள் தாம்பரத்துக்கென்று தனி மாநகரக் காவல் ஆணையரகம் உருவாகிவிட்டது. புதிய அமைப்பு புதிய வழக்கங்களைத் தொடங்குவது எளிது. கருவியைப் பொருத்துபவர் இந்தத் தாள் நிறைவானபிறகே அதை இயக்கித் தர வேண்டும். முதல் இரு வாரம் சைரனை முடக்கி வைத்து, பல்லிக்கும் காற்றுக்கும் அது என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளில் எனக்கு முக்கியமாகப் படுவது அண்டை வீட்டாரின் கையெழுத்து. அதைப் பெறுவதற்காகவாவது ஒருவர் காலி மனைகளைத் தாண்டி நடந்து சென்று, இதுவரை பேசியிராத ஒருவரின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். "என் வீட்டு மணி அடித்தால் உங்கள் தூக்கம் கெடும், ஆனாலும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்" என்று கேட்க வேண்டியிருக்கும். அவரும் பதிலுக்கு ஏதாவது கேட்பார். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மெய்யான அனுமதி. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து அடையாறாகப் பெருகும் பகுதி இது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, எந்தக் கருவியும் எவரையும் அழைக்கவில்லை. அந்நாட்களில் சென்னையின் மூழ்கிய தெருக்களுக்குள் படகோடு வந்தவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து மாடிக்குச் சோறு கைமாற்றியவர்களில் அதுவரை பெயர் தெரியாத பக்கத்து வீட்டார் இருந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் மதில்கள் இன்னும் ஓரடி உயர்ந்தன. அவற்றின் மேல் சைரனும் ஏறியது. அதை இயக்கும் விசையை அழுத்தும் முன்பு, மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.