தொட்டுச் செய்யும் தொழில் தாழ்ந்ததா?



நம் மஹல்லாவில் நாற்பதைக் கடந்த சகோதரர் ஒருவர் இருக்கிறார். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். ஃபஜ்ர் தொழுதுவிட்டு நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறுகிறார். மாலைவரை துணிக்கடையில் நின்றபடியே வேலை. அதன்பின் இரண்டு மணி நேரம் மசாஜ் சிகிச்சை வகுப்பு. மஃரிபை வகுப்பறையின் மூலையில் தொழுதுகொள்கிறார். இரவு வீடு திரும்பி, எலும்புகளின் பெயர்களையும் தசைகளின் பெயர்களையும் மனனம் செய்கிறார். மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள்.

இந்த உழைப்புக்குப் பள்ளிவாசல் திண்ணையில் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? "நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஒசா வேலைக்குப் போயிட்டானே!" என்ற ஏளனம்.

இந்த ஏளனம் எங்கிருந்து வந்தது? நிச்சயமாக மார்க்கத்திலிருந்து வரவில்லை. தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்று போதித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அவர்களுக்கு ஹிஜாமா செய்த அபூ தைபா ஓர் அடிமை. அவருக்குப் பேரீச்சம்பழத்தைக் கூலியாகக் கொடுத்ததோடு, அவர் தம் எசமானர்களுக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் குறைக்கவும் நபியவர்கள் பரிந்துரைத்தார்கள். ஹிஜாமாக் கூலியைக் குறைகூறும் அறிவிப்பும் உண்டே எனச் சிலர் வாதிடலாம். அது ஹராமாக இருந்திருந்தால் நபியவர்கள் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே விளக்கிவிட்டார்கள்.

இந்த மண்ணிலிருந்தும் அது வந்திருக்க நியாயமில்லை. குமரி மாவட்டம் வர்ம ஆசான்களின் மாவட்டம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை வகுத்துக் கற்பித்த மரபு இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. சித்த மருத்துவம் தன் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்து, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரித்தது. நம் இப்னு சீனாவும் தம் 'கானூன்' நூலில் உடலைத் தேய்த்துவிடும் 'தல்க்' முறைக்கு இடம் கொடுத்தார்.

அப்படியானால் உண்மை கசப்பானது. நம் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்தவர்களையும், பிள்ளை பெற்ற நம் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களையும் நம் முன்னோர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கைகள் வேண்டும், அந்த வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள். தொழுகையில் தோளோடு தோள் நின்றவர்கள், நிக்காஹ் பேச்சில் மட்டும் குலம் பார்த்தார்கள். இன்று திண்ணையில் கேட்பது அந்த ஜாஹிலிய்யத்தின் குரலேயன்றி வேறில்லை.

"அவ்ரத் பேண முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், தேவைக்கு மேல் ஆடை விலகாமை என்பதே அதற்கு விடை. முழங்கால் வலியால் துடிக்கும் நம் தாய்மார்கள் யாரிடம் செல்வார்கள்? வெட்கம் நம் கவலையென்றால், நம் பெண்களும் இக்கல்வியைக் கற்க வேண்டுமே தவிர, எவரும் கற்கக் கூடாது என்பது எப்படிச் சரியாகும்?

முறையாகக் கற்பதன் அவசியமும் இங்கேதான் இருக்கிறது. எங்கே தொட வேண்டும் என்பதைவிட எங்கே தொடக் கூடாது என்பதே முதல் பாடம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் உறைகட்டி நுரையீரலுக்கு நகர்ந்து உயிரையே பறிக்கலாம். எலும்பு முறிவும் காய்ச்சலும் மருத்துவரிடம் செல்ல வேண்டியவை. சான்றிதழ் பெற்றவர் மருத்துவராகிவிடுவதில்லை. தம் எல்லை அறிந்தவராகிறார்.

ஆகவே நம் ஜமாஅத்துகளிடம் கேட்கிறோம். இப்படிப் படிக்கும் ஏழைகளின் கட்டணத்துக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். திண்ணைப் பேச்சைக் கண்டித்து ஒரு ஜும்ஆவில் பேசுங்கள். அவர் மகளுக்கு வரன் தேடும் நாளில் தந்தையின் தொழில் தடையாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய முடியாவிட்டால், நாளை இடுப்பு பிடித்துக்கொள்ளும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஹலாலான உழைப்பை மதிக்கும் உள்ளத்தை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.