இன்சுலின் போட்டால் போதுமா? சோறும் நேரத்துக்கு வேண்டும்

"இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊசி போட்டதும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்." இந்த அறிவுரையில் தவறில்லை. ஆனால் இது யாரை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது? தேவதானப்பட்டியைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளுக்குக் காலனியிலிருந்து கூலிக்குப் போகும் பெண்கள் பலர் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மதியச் சோற்றுக்கு எப்போது உட்காரலாம் என்பதை முடிவு செய்வதும் அவர்கள் அல்ல, தோட்டக்காரர்.

அண்ணல் அம்பேத்கரே கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயோடு போராடியவர்தான். 1948இல் அவர் மணந்த சவிதா ஒரு மருத்துவர், உடனிருந்து கவனித்துக்கொண்டார். நம் காலனியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?

ஊசி போட்டு உணவு தள்ளிப்போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். தள்ளாடும் கூலிக்காரரைப் பார்த்ததும் "குடிச்சிருக்கான்" என்று ஒதுங்கிப் போகிறது ஊர். சாதி இங்கே உயிரையே எடுத்துவிடும். நினைவிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட்! எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கு இதை யாராவது காட்டித்தர வேண்டாமா?

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சிறு பானை வைத்து, தண்ணீர் படாத டப்பாவில் மருந்தை வைக்கலாம். திறந்த பாட்டிலைச் சுமார் நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உறைந்துபோன மருந்தைத் தொடவே கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அது நல்ல திட்டம். ஆனால் மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகிறதா, மருந்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்காவது முதலுதவி கற்றுத்தர வேண்டும். கூலிவேலை நடக்கும் இடங்களில் சாப்பாட்டு நேரம் உறுதியாக வேண்டும்.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்கவில்லை. உயிர்வாழும் உரிமையாகக் கேட்கிறோம்.

ஜெய்பீம்.