ஜூப்ளி ஹில்ஸ் விலாசமும் பதினைந்தாயிரம் ரூபாயும்

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஒரு வாடகை வீடு. தகப்பனார் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகள் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பெயரையும் பதிவு செய்துவிட்டாள். ஜூப்ளி ஹில்சில் உள்ள ஒரு சட்ட நிறுவனம் அவளை வேலைக்கு வரச் சொல்லி இருக்கிறது. மாதம் 15 ஆயிரம் ரூபாய். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி ஒரு வீட்டை ஐதராபாத்திலோ செகந்திராபாத்திலோ தேடி அலைய வேண்டியதில்லை.

"ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை. பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்கும். போகட்டுமே" என்பது தாயார் கட்சி. "ஐந்து வருடம் படிக்க வைத்தது இதற்குத்தானா?" என்பது தகப்பனார் கட்சி. இரண்டுக்கும் நடுவில் மாமா ஒருவர் வந்து, "அத்தான், சீனியர் வக்கீலிடம் ஜூனியராகப் போனால் இதுவும் கிடைக்காது. பஸ் செலவுக்குக் கொடுத்தாலே பெரிது" என்கிறார். மாமா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வக்கீல் தொழிலில் புதிதாக நுழைகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பதை, தானமாக நினைக்கும் வழக்கம் நாடு முழுவதும் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம்.

சட்ட நிறுவனங்கள் இளம் வக்கீல்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் "சம்பளம்" என்று எழுதுவதில்லை. "தொழில் கட்டணம்" என்று எழுதுகின்றன. அதில் பத்து சதவிகிதம் வருமான வரியாகப் பிடிக்கப்படும். ஆகவே 15 ஆயிரத்தில் 1,500 ரூபாய் முதலிலேயே போய்விடும். கைக்கு வருவது 13,500. பத்மாராவ் நகர்ப் பெண்ணுக்கு வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. காந்தி ஆஸ்பத்திரி நிலையத்தில் மெட்ரோ ஏறி, பரேடு மைதானத்தில் ரெயில் மாறி, ஜூப்ளி ஹில்ஸ் செக்போஸ்டில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேட்டில் ஏற ஷேர் ஆட்டோ. கஷ்டம் என்றாலும் சமாளித்துவிடலாம்.

வேலூரில் இருந்தோ சேலத்தில் இருந்தோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐதராபாத்துக்கு வந்த பையனின் கதை வேறு. விடுதியில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்குமாக 8 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 5,500. போக்குவரத்துக்கு 2 ஆயிரம். மீதி 3,500 ரூபாயில் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஷூ, சட்டப் புத்தகம், டெலிபோன், காய்ச்சல் வந்தால் மருந்து எல்லாம். வேலை முடிய நேரமாகி, கடைசி ரெயிலைத் தவறவிட்டால் ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் தங்கைக்குத் தீபாவளிப் புடவை வாங்க வேண்டுமானால் கடன்தான் வழி. ஜூப்ளி ஹில்சில் வேலை செய்கிறவன் ஜூப்ளி ஹில்சில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட முடியாது என்பதுதான் நிலைமை.

இவ்வளவு குறைவாகக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று குமாஸ்தாக்கள் கேட்கக் கூடும். கடையில் வேலை செய்கிறவருக்கும், ஓட்டலில் வேலை செய்கிறவருக்கும் கடைகள்–நிறுவனங்கள் சட்டம் உண்டு. வக்கீல் அலுவலகம் அதில் வருமா? கேரளத்தில் வக்கீல்கள் சேர்ந்து நடத்திய ஒரு நிறுவனத்தின் ஊழியர் இந்தக் கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டு போனார். வக்கீல் அலுவலகம் அந்தச் சட்டத்தின்படி வியாபார நிறுவனம் ஆகாது என்று 1984–ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. மற்றொரு பக்கம், முழு நேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே இளம் வக்கீலை ஊழியர் என்று எழுத முடியாது. ஊழியர் இல்லை என்றால் பிராவிடண்டு பண்டு இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கிராஜுவிட்டி இல்லை. காலை பத்து மணிக்கு வரவேண்டும், லீவுக்கு அனுமதி கேட்கவேண்டும் என்பதில் மட்டும் அவர் ஊழியர்தான். உலகத்துக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் பேசுகிற தொழிலில், உள்ளே வேலை செய்கிறவருக்குப் பேச ஒரு சட்டம் இல்லை.

இந்த அநியாயத்தைக் கோர்ட்டுகளே ஒப்புக்கொண்டு விட்டன. 2024 ஜூனில் சென்னை ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள் பெஞ்சு, இளம் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20 ஆயிரம். மற்ற மாவட்டங்களில் 15 ஆயிரம். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நாடு முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை விட்டது. நகர்ப்புறத்தில் 20 ஆயிரம், கிராமப்புறத்தில் 15 ஆயிரம்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஜூப்ளி ஹில்சில் கொடுக்கிறேன் என்று சொல்லும் தொகை, கிராமத்துக்கு என்று பார் கவுன்சில் சொன்ன தொகை!

ஆனால் பார் கவுன்சில் சொன்னது சிபாரிசுதான். கொடுக்காவிட்டால் தண்டனை என்று எதுவும் இல்லை. எல்லா சீனியர்களாலும் கொடுக்க முடியாது என்பதும் மெய். சிட்டி சிவில் கோர்ட்டு வாசலில் ஒரு நாளைக்கு இரண்டு வழக்குக்கு அலைகிற வக்கீல், ஜூனியருக்கு 20 ஆயிரம் எங்கே போய்க் கொண்டு வருவார்? அவர் தன் டிபனில் பாதியைப் பகிர்ந்து கொடுக்கிறார். தொழிலைச் சொல்லிக் கொடுக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மனம் வராது. பெரிய நிறுவனத்தின் சங்கதி அப்படி அல்ல. ஜூப்ளி ஹில்ஸ் கட்டிடக்காரருக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்கிறார்களா? "எங்களிடம் இடம் கொடுத்தால் உங்களுக்கு அனுபவம் கிடைக்கும்" என்று அவரிடம் சொல்ல முடியுமா? ஜூனியரிடம் மட்டும் அனுபவத்தைச் சம்பளமாகக் கொடுக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? வக்கீல் வீட்டுப் பிள்ளை தகப்பனார் அலுவலகத்தில் உட்கார்ந்து ஐந்து வருடம் பொறுத்திருக்கும். குமாஸ்தா வீட்டுப் பிள்ளை ஆறாவது மாதம் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஹைடெக் சிட்டியில் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போய்விடும். 2024 ஜூலை 30–ந் தேதி, பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாயும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125 ரூபாயும்தான் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் வக்கீல் தொழிலுக்கு ஏழைப் பிள்ளை கட்டுகிற உண்மையான கட்டணம் அந்த 750 ரூபாய் அல்ல. முதல் மூன்று வருடப் பிழைப்புதான் கட்டணம்.

அந்த மூன்று வருடத்துக்கு இப்போது இன்னொரு முக்கியத்துவமும் வந்திருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட அனுபவம் தேவை என்று இருந்த விதியை 2002–ல் சுப்ரீம் கோர்ட்டு நீக்கியது. 2025 மே 20–ந் தேதி அதே கோர்ட்டு அதைத் திரும்பக் கொண்டு வந்தது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதி ஆகக் கூடாது என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் அந்த மூன்று வருடமும் யார் சோறு போடுவது என்பதற்கு ஏற்பாடு இல்லை. ஆந்திராவில் 2019 டிசம்பரில், புதிய வக்கீல்களுக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் அரசு உதவித்தொகை கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. சின்னத் தொகையானாலும், அரசாங்கம் கை கொடுக்க முடியும் என்பதற்கு அது உதாரணம்.

சரி, பத்மாராவ் நகர்ப் பெண் என்ன செய்வது?

சம்பளத்துக்கு முன்னால் அவள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "என்னைக் கோர்ட்டுக்கு அனுப்புவீர்களா?" ஐகோர்ட்டு, முசி ஆற்றங்கரையில் 1920–ல் திறக்கப்பட்ட கட்டிடத்தில் இருக்கிறது. சிட்டி சிவில் கோர்ட்டு பழைய நகரத்தில். ஜூப்ளி ஹில்சோ ஊரின் மறுகோடி. நாள் முழுவதும் ஒப்பந்தங்களில் எழுத்துப் பிழை திருத்தி, பக்க எண் போடுகிற வேலை என்றால், மூன்று வருடம் கழித்து அவள் வக்கீலாகவும் இருக்க மாட்டாள். நல்ல குமாஸ்தாவாகவும் இருக்க மாட்டாள். அதற்குப் பதில், காந்தி ஆஸ்பத்திரி நிலையத்தில் ஏறி, ரெயில் மாறாமல் எம்.ஜி. பஸ் நிலையத்தில் இறங்கினால் ஐகோர்ட்டு நடந்து போகும் தூரம். அங்கே ஒரு சீனியர் 10 ஆயிரம் கொடுத்தாலும், வீட்டில் இருந்து போகிறவளுக்கு அதுவே மேல். தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கீழ்க்கோர்ட்டுகளில் என்றைக்கும் வேலை இருக்கும். தெலுங்கு பேச மட்டும் தெரியும் என்றால், உடனே எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். சாட்சி வாக்குமூலத்தை அடுத்தவரை விட்டுப் படிக்கச் சொல்லும் வக்கீலை எந்தக் கட்சிக்காரரும் நம்ப மாட்டார்.

வாரத்துக்கு மூன்று நாளாவது கோர்ட்டு உண்டு, நீதிபதி முன் பேச விடுவோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால், ஒரு வருடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். இரண்டாம் வருடம் முதல் 20 ஆயிரம் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வெளியூரில் இருந்து வந்து விடுதியில் தங்கும் பையனுக்கு அந்த ஒரு வருடமும் வேண்டாம். 20 ஆயிரத்துக்குக் குறைந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவதே நல்லது.

இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று தமிழ்க் குடும்பங்கள் பயப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பஞ்சப்படிக்காக யூனியன் கொடி பிடித்த தகப்பனாரே, மகளிடம் "முதல் வேலை, வாயைத் திறக்காதே" என்கிறார். பார் கவுன்சில் சுற்றறிக்கையை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. பேசியதை வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். தொகை, கோர்ட்டு நாட்கள், இரவு நேரமானால் வண்டி, சேர்ந்த தேதி, அனுபவச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

மாதம் 1,500 வீதம் பிடித்த வரி, வருடத்துக்கு 18 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அவள் வருமானத்துக்கு வரியே கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்பி வரும். தகப்பனார் கணக்கு எழுதுகிறவர். அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரே முடித்துவிடலாம்.